உழைப்பாளி பிள்ளைக்குப் பிறந்த பள்ளி!

‘மாண்டிசோரி’ என்றதும், அது சீமான் வீட்டுப் பிள்ளைக்கு என்று ஒதுங்குகிறார்கள் திருப்பத்தூர்த் தோழர்கள் சிலர். கட்டணம் அப்படி மிரட்டுகிறது. வரலாறோ வேறு!

1907-இல் ரோம் நகரின் சான் லோரென்சோ என்ற ஏழைகள் குடியிருப்பிலே, கூலி வேலைக்குப் போனோரின் பிள்ளைகளை வைத்துத்தான் டாக்டர் மரியா மாண்டிசோரி அம்மையார் அப்பள்ளியைத் தொடங்கினார். மிரட்டவில்லை, பொருளைக் கையிலே கொடுத்தார். பிள்ளை தானே கற்றது! 1939-இல் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார்.

நம் குடிசையிலே முடியாதா? முடியும் என்கிறோம் நாம். மூன்று வயதைக் கடந்த பிள்ளையிடம் துவரையையும் மொச்சையையும் கலந்து கொடுங்கள்; பக்கத்திலே இருங்கள்; பிரிக்கட்டும். சொம்புத் தண்ணீரைத் தம்ளரிலே ஊற்றட்டும். சிந்தினால் அறையாதீர், துடைக்கத் துணி கொடுங்கள்! தச்சுத் தோழரே, உப்புத்தாளிலே ‘அ’ வெட்டி அட்டையில் ஒட்டுங்கள். பிள்ளையின் விரல் அதைத் தடவித் தடவி எழுத்தை அறியும்.

பள்ளியிலே? 2007-08-இல் தமிழக அரசுத் தொடக்கப் பள்ளிகளெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலிலே இந்தச் சிந்தனையின் சாயல் உண்டு. அங்கன்வாடிக்குச் செல்லுங்கள், பிள்ளையின் கைக்கு வேலை உண்டா என்று கேளுங்கள். கேட்பது உரிமை!

அடிக்கு அஞ்சி வளரும் பிள்ளை, நாளை ஆண்டைக்கும் அஞ்சும். தன் கையால் செய்து பழகிய பிள்ளையோ எவனுக்கும் கைகட்டாது. சுயமரியாதை தொட்டில் தாண்டியதும் தொடங்கட்டும்!