கற்பூரம் உருகும் கணம்

ஆந்திர எல்லையை ஒட்டிய பள்ளிப்பட்டிலிருந்து ஆடிக் கிருத்திகைக்குக் காவடி சுமந்து திருத்தணி மலையேறும் அடியார்கள் பக்தியோடு ஏற்றும் கற்பூரத்துக்கு, உருகுவதற்கென்று நிர்ணயமான ஓர் உஷ்ணநிலை உண்டென்பதும், அதுவே அதன் பரிசுத்தத்துக்குச் சாட்சி என்பதும் பலர் அறியாத செய்தி. தூய கற்பூரம் சென்டிகிரேட் கணக்கில் ஏறத்தாழ 178 டிகிரியில் உருகும்.

ரசாயனசாலையில் இதைப் பரீட்சிக்கும் முறை எளியதே ஆயினும் பொறுமையை வேண்டுவது. நன்கு உலர்த்திப் பொடித்த பதார்த்தத்தை, ஒரு முனை மூடிய மெல்லிய கண்ணாடி நுண்குழாயில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் உயரத்துக்குத் தட்டி இறக்கி, அக்குழாயை உஷ்ணமானியின் குமிழோடு சேர்த்துக் கட்டி, திரவ பாரபினில் அமிழ்த்திச் சூடேற்றுவார்கள். எதிர்பார்க்கும் நிலைக்குப் பதினைந்து டிகிரி முன்னதாகவே சுடரைத் தணித்து, நிமிஷத்துக்கு ஓரிரு டிகிரி மட்டுமே உயரவிட்டு, முதல் துளி தோன்றும் உஷ்ணத்தையும் கடைசித் துகள் மறையும் உஷ்ணத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். அவசரப்பட்டவனுக்குச் சரியான எண் கிட்டாது. கற்பூரமோ உருகுமுன்னே ஆவியாகி நழுவும் சுபாவமுடையதாதலால், அதற்கு மட்டும் குழாயின் இரு முனைகளையும் மூடியாக வேண்டும்.

தூய பொருள் ஒரு டிகிரி எல்லைக்குள் சட்டென்று உருகிவிடும். கலப்புள்ளதோ தாழ்ந்த உஷ்ணத்திலேயே இளகத் தொடங்கி, நெடுநேரம் இழுபட்டு உருகும். யூரியாவும் சின்னமிக் அமிலமும் தனித்தனியே 133 டிகிரியை ஒட்டி உருகுவதால், உருகுநிலையை மட்டும் பார்ப்பவனுக்கு இரண்டும் ஒன்றெனவே தோன்றும். ஆனால் சமமாகக் கலந்து சூடேற்றினால் அவை நூறு டிகிரியை அடுத்தே உருகித் தாம் வேறு வேறென்று காட்டிவிடும். சந்தேகத்துக்குரிய பொருளை அறிந்த பொருளோடு கலந்து பார்க்கும் இந்த உபாயத்தைவிட நேர்மையான சோதனை அபூர்வம்.

அந்நியப் பொருளால் இப்படித் தாழும் குணம் கற்பூரத்தில் அதிசயமான அளவுக்கு உண்டு. அதன் மூலக்கூறுகள் ஏறக்குறைய உருண்டையானவை. திட நிலையிலேயே இருந்த இடத்தில் சுழன்றுகொண்டிருப்பவை. ஆகவே திரவமாவதற்கு அவற்றுக்குச் சொற்ப வெப்பமே போதும். அந்தச் சொற்பத்தினாலேயே சிறிதளவு கலப்பும் உருகுநிலையைப் பெரிதும் இறக்கிவிடுகிறது. பத்து பங்கு தண்ணீரில் ஒரு பங்கு யூரியாவைக் கரைத்தால் அதன் உறைநிலை கணக்கின்படி மூன்று டிகிரியே தாழும். பத்து பங்கு கற்பூரத்தில் ஒரு பங்கு நாப்தலீனைக் கலந்தாலோ ஏறத்தாழ முப்பது டிகிரி இறங்கும். இதைப் பற்றிக்கொண்டே ஜெர்மானிய ரசாயனி ராஸ்ட் 1922ஆம் ஆண்டில், டிகிரியில் நூற்றில் ஒரு பங்கையும் காட்டும் விலையுயர்ந்த கருவி இல்லாமலே, சாதாரண உஷ்ணமானியும் நுண்குழாயும் சில மில்லிகிராம் பொருளும் கொண்டு, அறியாத பதார்த்தத்தின் மூலக்கூறு எடையைக் கணிக்கும் வழியை வகுத்தார்.