விளக்குகள் வீதி வந்த இரவு

டிஸ்னிலேண்டுக்குப் போய்வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒருவர் ராட்டினத்தைச் சொல்வார், ஒருவர் பேய் வீட்டைச் சொல்வார், குழந்தைகள் மிக்கி எலியைச் சொல்லும். என்னைக் கேட்டால் நான் சொல்வது ஒரே ஒரு விஷயம்தான்: இரவு ஒன்பது மணி வாக்கில், எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு அங்கே விட்டார்களே, அந்த மின்விளக்கு ஊர்வலம்! 'மெயின் ஸ்ட்ரீட் எலக்ட்ரிக்கல் பரேட்' என்று பெயர். அதை நான் முதலில் பார்த்தது 1981 ஆகஸ்டில். இத்தனை வருஷம் கழித்தும் அந்த இசையை எங்காவது கேட்டால், என் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போலவே இருக்கிறது.

மாமியாருக்கும் மிக்கி எலிக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? சொல்கிறேன்.

பேச்சு நின்றுபோன வீடு

என் கணவருக்கு லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் வேலை. மூத்தவனுக்கு நான்கு வயது. இரண்டாவது பெண் அந்த ஏப்ரலில் பிறந்தாள். பிரசவத்துக்கு உதவியாக மதுரையிலிருந்து மாமியார் வந்தார். மதுரையை விட்டு வெளியே தங்கியறியாத மனுஷி. தெற்கு மாசி வீதிக்குப் பின்னால் சந்தில் வீடு. வாசலில் நின்றால் நாலு பேரோடு பேச்சு, அந்திக்கு மீனாட்சி கோயில் மணி. அப்படிப்பட்டவரை நாங்கள் கொண்டுபோய் வைத்தது மாடிக் குடியிருப்பில். ஜன்னலைத் திறந்தால் கார் நிறுத்துமிடம். மனித முகம் ஒன்று தென்படாது!

பத்திய சாப்பாட்டில்தான் ஆரம்பித்தது. அவர் ஒன்று சொல்வார், குழந்தை டாக்டர் வேறு ஒன்று சொல்வார். பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக் காலில் போட்டுக் குளிப்பாட்ட வேண்டும் என்பார், நான் தொட்டியில் ஊற்றினால் போதும் என்பேன். ஒரு நாள் கோபத்தில், "இது மதுரை இல்லை அத்தை!" என்று கத்திவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து மூன்று வாரம், "பால் காய்ச்சிட்டேன்", "பிள்ளை அழுவுது" என்பதைத் தவிர எங்களுக்குள் பேச்சே இல்லை.

ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். அந்த நாட்களில் காரணமே தெரியாமல் அழுதுகொண்டிருந்தேன். குளிக்கும் போதும் அழுகை, துணி மடிக்கும் போதும் அழுகை. பிள்ளை பெற்ற முதல் சில நாட்களில் இப்படி வருவது சகஜம். இரண்டு வாரத்துக்கு மேலும் நீடித்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். குணமாகக்கூடியதுதான். இன்று இதை வெளிப்படையாகப் பேசுகிறோம். அன்று எனக்குச் சொல்ல ஆள் இல்லை. மாமியாரும் அந்தப் பக்கத்து அறையில் தனியே அழுதுகொண்டிருந்தார் என்பது பின்னால்தான் தெரிந்தது.

சீட்டு வேண்டாத வேடிக்கை

என் கணவர் இரண்டு பேருக்கும் நடுவில் தவித்துப்போய், ஒரு சனிக்கிழமை எல்லோரையும் காரில் ஏற்றினார். ஆனஹைம் ஊர் ஒரு மணி நேரப் பயணம். அந்தக் காலத்தில் உள்ளே ஒவ்வொரு ராட்டினத்துக்கும் தனிச் சீட்டு உண்டு. ஏ முதல் ஈ வரை தரம் பிரித்து, புத்தகமாகத் தைத்து விற்பார்கள். மாமியார் எதிலும் ஏறமாட்டேன் என்றுவிட்டார். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு மரத்தடி பெஞ்சியில் பகல் முழுக்க உட்கார்ந்திருந்தார். மத்தியானம் கார் நிற்குமிடத்துக்கு வந்து புளியோதரையைச் சாப்பிட்டோம். அப்போதும் பேச்சில்லை.

இருட்டியதும் என் கணவர், "அம்மா, இப்போ ஒண்ணு வரும் பாரு. இதுக்குச் சீட்டு கிடையாது" என்றார். மெயின் ஸ்ட்ரீட் என்பது அந்தக் கால அமெரிக்கச் சிற்றூர்க் கடைத்தெரு போலக் கட்டிவைத்த வீதி. அதன் ஓரக் கல்லில் ஜனங்கள் வரிசையாக, பாயும் போர்வையும் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். மாமியாரின் முகம் மாறியதை அப்போதே கவனித்தேன். வீதி ஓரம் இடம் பிடித்து உட்காருவது அவருக்குத் தெரிந்த காரியமாயிற்றே! சடக்கென்று புடைவையைச் சுருட்டிக்கொண்டு கல்லில் உட்கார்ந்தார். "இங்கிட்டு வா, தூணு மறைக்கும்" என்று என்னை இழுத்தார். மூன்று வாரத்தில் முதல் வார்த்தை!

திடீரென்று வீதி விளக்குகள் அத்தனையும் அணைந்தன. இயந்திரம் பேசுவது போன்ற ஒரு குரல் அறிவிப்பு. பிறகு அந்த இசை, துள்ளித் துள்ளி, சலங்கையும் ஆர்மோனியமும் கலந்தாற்போல. தூரத்தில் இருட்டுக்குள் ஒளிப்புள்ளிகள் அசைந்து வந்தன.

நீல உடையில் ஒரு தேவதை முதலில். பின்னால் ரயில் எஞ்சின் ஒன்று பெரிய முரசை இழுத்துவர, அதன் மேல் மிக்கி. தம்மைத்தாமே சுற்றிச் சுழன்றுகொண்டு நத்தையும் ஆமையும் பூச்சிகளும் ஓடின. சிண்டரெல்லாவின் சாரட்டு வந்தது. மூக்கில் புகை விட்டுக்கொண்டு பச்சை டிராகன் ஒன்று தலையை ஆட்டி வந்ததே, என் பையன் பயந்து பாட்டியின் முந்தானைக்குள் புகுந்துகொண்டான்! வண்டியோ உருவமோ கண்ணுக்குத் தெரியாது; விளக்குகளே உருவமாக நடந்து வந்தன. எல்லாம் சேர்த்து ஐந்து லட்சம் சின்ன பல்புகள் என்பார்கள்.

மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் திரும்பி, "ஏம்மா, இது மதுரை இல்லைன்னு சொன்னியே. பார்த்தியா, இங்கேயும் வீதி வருது" என்றார். கண் கலங்கியிருந்தது. பிறகு ஊர்வலம் போகப் போக அவர் பேசிக்கொண்டே இருந்தார். சித்திரைத் திருவிழாவில் மாசி வீதியில் இடம் பிடித்தது, தலையில் காஸ் லைட்டைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் நடப்பது, சுவாமிக்கு முன்னால் வேஷம் கட்டிய பிள்ளைகள் ஆடிப் போவது, மல்லாரி கேட்டதும் அடுப்பைத் தணித்துவிட்டு ஓடுவது. "கல்யாணமான புதுசுல எங்க மாமியா என்னோட பேசமாட்டாக. திருவிழா அன்னிக்கு மட்டும் பக்கத்துல உட்கார வச்சு, ஒவ்வொரு வாகனமாச் சொல்லித் தருவாக" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "அத்தை, நாளைக்குப் பாப்பாவுக்கு நீங்களே எண்ணெய் தேய்ச்சு விடுங்க" என்றேன். அவ்வளவுதான். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை இரண்டு பேரும் சொல்லவில்லை.

"ஜெனரேட்டர் வண்டி எங்கே?"

திரும்பி வரும்போது மாமியார் கேட்ட கேள்வி இது. நம் ஊரில் சப்பரத்துக்குப் பின்னால் தள்ளுவண்டியில் ஜெனரேட்டர் கடகடவென்று வருமே, இதில் காணோமே? என் கணவர் இன்ஜினீயர், விட்டுவிடுவாரா! ஒவ்வொரு வண்டிக்குள்ளும் பாட்டரி உண்டு, ஓட்டுபவரும் உள்ளேயே ஒளிந்திருப்பார். ஆடி வருபவர்களின் உடையில் மின்னும் விளக்குகளுக்கும் அவர்கள் மேலேயே பாட்டரி கட்டியிருக்கும். வீதி ஒலிபெருக்கிகளைப் பகுதி பகுதியாகப் பிரித்திருப்பார்கள். எந்த வண்டி எந்த இடத்துக்கு வருகிறதோ, அந்த வண்டிக்குரிய பாட்டு அங்கே ஒலிக்கும். ஆனால் எல்லாப் பாட்டும் ஒரே தாளத்தில் அமைந்ததால், ஒன்றோடு ஒன்று மோதாது.

பிற்பாடு நானே படித்துத் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன். 1971 அக்டோபரில் ஃபுளோரிடாவில் இரண்டாவது டிஸ்னி பூங்கா திறந்தபோது, அங்கேயுள்ள ஏரியில் மிதவைகள் மேல் விளக்கு உருவங்களை வைத்து ஒரு நீர் ஊர்வலம் விட்டார்கள், நம் தெப்பம் போல! அது பிடித்துப்போகவே, கேளிக்கைப் பகுதியின் தலைவர் ராபர்ட் ஜானியின் யோசனையில், தரையில் ஒன்று தயாரானது. 1972 ஜூன் 17 அன்று கலிபோர்னியாவில் முதல் ஊர்வலம். இசை, ழான்-ழாக் பெர்ரே, கெர்ஷான் கிங்ஸ்லி என்ற இருவர் 1967-ல் மின்னணு வாத்தியத்தில் போட்ட 'பரோக் ஹோடௌன்'. 1977-ல் வண்டிகளைப் புதுப்பித்தார்கள். நாங்கள் பார்த்தது அந்தப் புதிய வரிசை.

அணைந்ததும் மறுபடி ஏற்றியதும்

மாமியார் ஊர் திரும்பிய பிறகு எழுதிய ஒவ்வொரு கடிதத்திலும் "அந்த விளக்கு வீதி வருதா?" என்று ஒரு வரி இருக்கும். 1996 நவம்பரில் அதை நிறுத்தினார்கள். பழைய பல்புகளைக் கழற்றி, நினைவுப் பொருளாக விற்று, அந்தப் பணத்தைத் தர்மத்துக்குக் கொடுத்தார்கள். என் கணவர் ஒன்று வாங்கினார். ஊருக்குப் போனபோது மாமியாரிடம் கொடுத்தோம். எரியாத பல்பு. அதைப் பஞ்சில் சுற்றி, மீனாட்சி படத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். 2003-ல் அவர் காலமானபோதும் அது அங்கேயேதான் இருந்தது.

பதிலுக்கு 1997-ல் கொண்டுவந்த புதிய காட்சி ஒரு கோடையைத் தாண்டவில்லை. ஜனங்களுக்குப் பழையதுதான் வேண்டியிருந்தது. பிறகு ஊர்வலம் ஃபுளோரிடாவுக்கும் கலிபோர்னியாவுக்குமாக மாறி மாறிப் போய்வந்தது. ஐம்பதாவது ஆண்டுக்காக 2022 ஏப்ரலில் பழைய வீதிக்கே திரும்பி, செப்டம்பர் முதல் தேதி வரை நடந்தது.

அந்தக் கோடையில் என் பையன் எங்களை அழைத்துப்போனான். டிராகனுக்குப் பயந்தவனுக்கு இப்போது வயது நாற்பத்தைந்து, ஆறு வயதில் ஒரு பெண். ராட்டினங்களில் ஏற எனக்கும் தெம்பில்லை. பகல் முழுக்க பெஞ்சியில் உட்கார்ந்திருந்தேன், மாமியார் இருந்த மாதிரியே!

இளம் தாய்மார்களுக்கு

எந்த ஊர் இரவு வேடிக்கையானாலும் அனுபவத்தில் கண்டவை சில. குழந்தையை மத்தியானம் தூங்க வைத்துவிட்டு அழைத்துப்போங்கள். பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய சீட்டைச் சட்டைப் பையில் போட்டுவையுங்கள். கைக்குழந்தையோடு ஒலிபெருக்கிக்கு அடியில் உட்காராதீர்கள். வலிப்பு நோய் உள்ள குழந்தையானால், மின்னும் விளக்குகளைக் காட்டலாமா என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு மெல்லிய போர்வையும் குடிதண்ணீரும் போதும். ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: வீட்டுப் பெரியவரை "உங்களால முடியாது" என்று விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

அன்று வீதி விளக்கு அணைவதற்குச் சற்று முன், என் மருமகள் இரண்டு பேருக்கு நடுவில் நெருக்கி இடம் பிடித்தாள். எங்களுக்குள்ளும் அந்த வாரம் ஏதோ சின்ன மனஸ்தாபம். பேத்திக்கு ஐஸ்கிரீம் வேண்டாம் என்றது நான், வாங்கிக் கொடுத்தது அவள். அவள் ஒன்றும் பேசாமல் போர்வையை மடித்துக் கல்லின் மேல் போட்டு, "இங்கே உட்காருங்க அத்தை, இங்கேருந்து நல்லாத் தெரியும்" என்றாள்.

விளக்குகள் அணைந்தன. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வண்டியாக அவளுக்குச் சொல்ல ஆரம்பித்தேன்.