ஒன்பதை அழுத்தும் முன்

சர்வரை மறுபடி தொடங்கப் போனால், ‘3000-ஆம் போர்ட் ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது’ என்று டெர்மினல் மறுத்துவிடும். நிரல் எழுதுகிறவர்களுக்கு இது பழகிப்போன தொல்லை. பழைய சர்வர் பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கிறது. கண்ணெதிரே ஓடினால் கன்ட்ரோல்-சி போதும். பின்னணிக்குப் போனதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

லினக்ஸில் ஓடும் ஒவ்வொரு புராசஸுக்கும் ஓர் எண் உண்டு. போர்ட்டைப் பிடித்திருப்பது எது என்பதை ‘எல்எஸ்ஓஎஃப்’ கட்டளை காட்டிக்கொடுக்கும். அது 4821 என்றால், ‘கில் 4821’ என்று அடிக்கலாம். இந்தக் கட்டளை அனுப்புவது ஒரு சிக்னலை. தனியாக எதுவும் சொல்லாவிட்டால், 15-ஆம் எண் சிக்னல் போகும். ‘வேலையை முடித்துக்கொண்டு கிளம்பு’ என்ற வேண்டுகோள் அது. ஒழுங்காக எழுதப்பட்ட சர்வர் கையிலிருக்கும் தரவை வட்டில் எழுதிவிட்டு, இணைப்புகளை மூடிவிட்டு நிற்கும்.

இரண்டு விநாடி பொறுக்காமல் பலரும் ‘கில் -9’ அடித்துவிடுகிறார்கள். இந்த 9-ஆம் எண் சிக்னலைத் தடுக்கவோ, தள்ளிப்போடவோ எந்தப் புரோகிராமாலும் முடியாது. இயங்குதளத்தின் மையமான கெர்னல் அந்தப் புராசஸை அப்படியே அகற்றிவிடும்.

இதன் விளைவு போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் பளிச்சென்று தெரியும். அங்கே ஒவ்வோர் இணைப்புக்கும் தனி புராசஸ். எல்லாம் சேர்ந்து ஒரே நினைவகப் பகுதியைப் பகிர்கின்றன. சிக்கிக்கொண்ட ஒரே ஓர் இணைப்பை 9 போட்டு நிறுத்தினால், அந்தப் பொது நினைவகம் பழுதாகியிருக்கலாம் என்று தலைமைப் புராசஸ் கருதும். உடனே மற்ற எல்லா இணைப்புகளையும் துண்டித்து, பதிவேட்டிலிருந்து மீட்பு வேலையைத் தொடங்கும். பாதியில் நின்ற பரிவர்த்தனைகள் அனைத்தும் ரத்து. 15 அனுப்பியிருந்தால் அந்த ஓர் இணைப்போடு போயிருக்கும்.

பெரிய அமைப்புகள் இந்தப் பொறுமையை விதியாகவே வைத்திருக்கின்றன. முதலில் 15, அடங்காவிட்டால் மட்டும் 9. இடையில் டாக்கர் பொதுவாக 10 விநாடி காத்திருக்கும். குபெர்னெட்டீஸ் 30, சிஸ்டம்டி 90. வலை சர்வரான என்ஜின்எக்ஸ் இன்னும் ஒரு படி மேலே: கைவசமுள்ள கோரிக்கைகளை முடித்துவிட்டு நிற்க, அதற்கென்றே ‘குவிட்’ சிக்னலை ஏற்கிறது. பணம் செலுத்திக்கொண்டிருக்கும் வாடிக்கையாளருக்கு அந்தச் சில விநாடிகள் பெரிது.

முற்றாக உறைந்துபோன புரோகிராமுக்கு 9 தேவைதான். ஆனால் அதற்கும் அடங்காத நிலை ஒன்று உண்டு. வட்டின் பதிலுக்காகக் கெர்னலுக்குள் ஆழ்ந்து காத்திருக்கும் புராசஸின் அருகே, ‘பிஎஸ்’ பட்டியல் ‘டி’ என்று குறி போட்டிருக்கும். வட்டு பதில் தரும்வரை அது நகராது. தராவிட்டால் கணினியையே அணைத்துத் தொடங்க வேண்டியதுதான்.