கை ஸ்டீயரிங்கில், கண் எங்கே?

டெஸ்லா காரில் ஆட்டோபைலட்டைப் போட்டுவிட்டு நெடுஞ்சாலையில் போனால், அவ்வப்போது திரையில் ஒரு வரி வரும்: ஸ்டீயரிங்கை லேசாகத் திருப்பிக் காட்டுங்கள். கண்டுகொள்ளாவிட்டால் திரையின் ஓரம் நீலமாகத் துடிக்கும். அப்புறம் பீப் ஒலி வரும். அதற்கும் ஓட்டுநர் அசையவில்லை என்றால் கார் அபாய விளக்குகளைப் போட்டுக்கொண்டு வேகத்தைக் குறைக்கும். வண்டியை நிறுத்திவிட்டு மறுபடி கிளம்பும்வரை ஆட்டோபைலட் கிடைக்காது. சாலையைப் பாருங்கள் என்று சொல்லாமல் ஸ்டீயரிங்கைத் திருப்பச் சொல்வது ஏன்? 2015 அக்டோபரில் ஆட்டோபைலட் வெளிவந்தபோது, ஓட்டுநர் விழிப்பாக இருக்கிறாரா என்று அறிய அந்தக் காரிடம் இருந்த வழி அது ஒன்றுதான்.

தானியங்கி வசதிகளைப் பூஜ்யம் முதல் ஐந்து வரை ஆறு நிலைகளாகப் பிரித்து, எஸ்.ஏ.இ. என்ற பொறியாளர் அமைப்பு 2014-ல் ஒரு அட்டவணை வெளியிட்டது. இன்று விற்பனையில் உள்ள, தானாக ஸ்டீயரிங் பிடிக்கும் கார்களில் ஏறக்குறைய எல்லாமே இரண்டாம் நிலை. ஸ்டீயரிங், ஆக்ஸிலரேட்டர், பிரேக் மூன்றையும் கார் பார்த்துக்கொள்ளும். சாலையைப் பார்ப்பது ஓட்டுநரின் வேலை. விபத்து நடந்தால் பொறுப்பும் அவருடையதே. மூன்றாம் நிலையில்தான், குறிப்பிட்ட சூழ்நிலையில் மட்டும், அவர் கண்ணை எடுக்கலாம். ஜப்பானில் 2021-ல் ஹோண்டா லெஜண்ட் கார் நெரிசலில் ஊர்ந்து போகும்போது அந்த உரிமையைத் தந்தது. இந்தக் கட்டுரை பேசுவது இரண்டாம் நிலையைப் பற்றி. வேலை முழுவதையும் இயந்திரம் செய்ய, மனிதன் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டிய நிலை அது.

மனிதனால் அது முடியுமா என்ற கேள்விக்கு விடை காரில் இந்த வசதி வருவதற்கு வெகுகாலம் முன்பே கிடைத்துவிட்டது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் ரேடார் ஊழியர்கள், நீர்மூழ்கிக் கப்பலைக் காட்டும் சிறு புள்ளிகளைத் தவறவிடத் தொடங்கினார்கள். காரணம் அறிய கேம்பிரிட்ஜில் நார்மன் மாக்வொர்த் என்ற உளவியலாளர் ஒரு கடிகாரம் செய்தார். எண் ஏதும் இல்லாத வெள்ளை முகப்பு. நொடிக்கு ஒரு எட்டு வைத்து நகரும் ஒற்றை முள். எப்போதாவது முள் இரண்டு எட்டாகத் தாவும். அப்போது பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான் வேலை. 1948-ல் வெளிவந்த முடிவு: முதல் அரை மணி நேரம் கழிவதற்குள்ளேயே ஆட்கள் கோட்டைவிடத் தொடங்கிவிடுகிறார்கள். பயிற்சி பெற்ற, பொறுப்பான ஆட்களும்தான். எதுவும் நடக்காத ஒன்றை விடாமல் பார்த்துக்கொண்டிருப்பது மனித மூளையின் இயல்பில் இல்லை. ஆகவே, காரில் கவனம் சிதறும் ஓட்டுநரைச் சோம்பேறி என்று திட்டுவதில் நியாயமில்லை என்பது என் கருத்து. அந்த இருக்கையில் யார் உட்கார்ந்தாலும் கவனம் சிதறும்.

ரயில்வே இதை முன்பே புரிந்துகொண்டது. நம் ரயில் இன்ஜின்களில் வி.சி.டி. என்ற விழிப்புக் கருவி உண்டு. ஒரு நிமிடம் வரை லோகோ பைலட் வேகத்தை மாற்றவில்லை, பிரேக்கைத் தொடவில்லை, ஹார்ன் அடிக்கவில்லை என்றால் முதலில் விளக்கு மின்னும். அடுத்த சில நொடிகளில் ஒலி எழும். அதற்கும் பதில் இல்லை என்றால் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். முதலில் விளக்கு, அப்புறம் ஒலி, கடைசியில் வண்டியே நடவடிக்கை எடுப்பது என்ற இந்தப் படிவரிசைதான் இன்று காரிலும் இருக்கிறது. ஆனால் ரயிலுக்குத் தண்டவாளம் இருக்கிறது, சிக்னல் இருக்கிறது. காருக்கு முன்னால் குறுக்கே திரும்பும் லாரி இருக்கிறது. ரயிலுக்குப் போதுமான ஒரு நிமிடம் காருக்குக் கட்டுப்படியாகாது.

இனி கருவிக்குள் போவோம். மின்சார பவர் ஸ்டீயரிங் உள்ள எந்தக் காரிலும், ஸ்டீயரிங் தண்டின் நடுவே டார்ஷன் பார் என்ற மெல்லிய எஃகுக் கம்பி இருக்கும். நீங்கள் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது கம்பியின் மேல்முனை சற்று முந்திக்கொள்ளும், கீழ்முனை பின்தங்கும். இடையில் விழும் முறுக்கு மிகச் சிறியது. அதைக் காந்த உணரி ஒன்று அளந்து, எவ்வளவு உதவி தேவை என்று மோட்டாருக்குச் சொல்லும். தானியங்கி ஸ்டீயரிங் வந்தபோது பொறியாளர்கள் இதே உணரியை இன்னொரு வேலைக்கும் எடுத்துக்கொண்டார்கள். மோட்டார் திருப்பும்போது, அதற்கு எதிராகவோ துணையாகவோ மேல்முனையில் சிறு விசை தெரிந்தால் கை இருக்கிறது என்று அர்த்தம். தனியாக ஒரு பைசா செலவில்லை.

கோளாறும் அங்கேதான் தொடங்குகிறது. இரண்டு கைகளையும் இருபக்கமும் சரிசமமாக வைத்து, சாலையை உன்னிப்பாகப் பார்த்து ஓட்டுபவரின் இரு கைகளின் எடையும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். கம்பியில் முறுக்கு விழாது. கார் அவரைத்தான் எச்சரிக்கும். மாறாக, ஒரு கையை ஸ்டீயரிங்கின் ஒரு பக்கத்தில் தொங்கவிட்டுக் கண்ணயர்ந்தவர் இடைவிடாத முறுக்கைத் தந்துகொண்டே இருப்பார். அவரை அது எதுவும் கேட்காது. ஸ்டீயரிங் சட்டத்தின் இடுக்கில் ஆரஞ்சுப் பழத்தைச் செருகி ஏமாற்றும் வீடியோக்கள் பரவின. காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் எடைக்கட்டி ஒன்றை இதற்கென்றே ஒரு நிறுவனம் விற்றது. 2018 ஜூனில் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் தலையிட்டு அந்த விற்பனையை நிறுத்தச் சொன்னது.

2016 மே 7 அன்று ஃபுளோரிடாவின் வில்லிஸ்டன் அருகே, ஆட்டோபைலட்டில் மணிக்கு 119 கி.மீ. வேகத்தில் வந்த டெஸ்லா மாடல் எஸ், குறுக்கே திரும்பிக்கொண்டிருந்த டிரக்கின் டிரெய்லருக்கு அடியில் புகுந்தது. ஓட்டுநர் இறந்தார். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் காரின் பதிவுகளை எடுத்துப் பார்த்தது. அந்தப் பயணத்தில் ஆட்டோபைலட் இயங்கிய 37 நிமிடங்களில், ஸ்டீயரிங்கில் கை இருப்பதாக உணரி கண்ட நேரம் மொத்தம் 25 நொடிகள். எச்சரிக்கைகள் வந்தன, அவர் தொட்டார், விட்டார். விதிப்படி எல்லாம் சரியாக நடந்தது. வாகனம் ஓட்டுவது அடிப்படையில் கண்ணால் செய்யும் வேலை, ஆகவே ஸ்டீயரிங் முறுக்கை வைத்து ஓட்டுநரின் ஈடுபாட்டை அளப்பது பொருத்தமற்றது என்று வாரியம் 2017-ல் முடிவு சொன்னது. இன்றும் இந்த வாக்கியத்தை ஒவ்வொரு கார் வடிவமைப்பாளரும் படிக்க வேண்டும்.

முறுக்குக்கு அடுத்து வந்தது தொடு உணரி. ஸ்டீயரிங்கின் தோலுறைக்கு அடியில் மின்கடத்தும் மெல்லிய பாய் ஒன்றைச் சுற்றியிருப்பார்கள். செல்போன் திரை விரலை அறியும் அதே முறையில், கை பட்டாலே அங்குள்ள மின்தேக்கம் மாறும். திருப்பிக் காட்ட வேண்டியதில்லை. மெர்சிடிஸ் போன்ற நிறுவனங்கள் இதற்கு மாறின. நச்சரிப்பு குறைந்தது உண்மை. ஆனாலும் அளப்பது கையைத்தான்.

கண்ணை அளக்கும் யோசனை புதிதல்ல. 2006-லேயே லெக்ஸஸ் கார்களில் ஓட்டுநரின் முகம் திரும்புவதைக் கவனிக்கும் கேமரா வந்துவிட்டது. தானியங்கி ஸ்டீயரிங்கோடு அதைச் சேர்த்து முதலில் பெரிய அளவில் கொண்டுவந்தது ஜெனரல் மோட்டார்ஸ். 2017-ல் கேடிலாக் சி.டி.6 காரில் வந்த சூப்பர் குரூஸ். ஸ்டீயரிங் தண்டின் மேல் சிறிய கேமரா. பக்கத்தில் அகச்சிவப்பு விளக்குகள். அந்த ஒளி நம் கண்ணுக்குத் தெரியாது, ஆகவே இரவில் ஓட்டுநருக்குக் கூசாது, பெரும்பாலான குளிர்கண்ணாடிகளையும் ஊடுருவும். கருவிழியின் மேல் அந்த ஒளி ஒரு சிறு மினுக்கமாகத் தெறிக்கும். பாவைக்கும் அந்த மினுக்கத்துக்கும் இடையிலான தூரத்தையும், மூக்கு, கடைவாய், இமை இவற்றின் நிலையையும் கொண்டு தலை எந்தப் பக்கம், பார்வை எந்தப் பக்கம் என்று மென்பொருள் கணக்கிடுகிறது. இமை எவ்வளவு நேரம் மூடியிருக்கிறது என்பதும் கணக்கில் வரும். தூக்கக் கலக்கத்தை அறிய அதுதான் நம்பகமான அடையாளம்.

சூப்பர் குரூஸில் கையை எடுத்துவிடலாம், கண்ணை எடுக்கக் கூடாது. ஸ்டீயரிங்கின் மேல்வளைவில் ஒரு விளக்குப் பட்டை உண்டு. பச்சை என்றால் கார் ஓட்டுகிறது. பார்வை விலகினால் பச்சை மின்னும். பொருட்படுத்தாவிட்டால் சிவப்பு மின்னும், இருக்கை அதிரும். கடைசியில் கார் தானாக வேகம் குறைத்து நின்றுவிடும். இன்னொரு நிறம் நீலம். நடுவில் நீங்களே ஸ்டீயரிங்கைத் திருப்பி ஒரு குழியைத் தவிர்த்தால் பட்டை நீலமாகும். நீங்கள் முடித்ததும் கார் மறுபடி பிடித்துக்கொள்ளும். எனக்குக் கேமராவைவிட இந்த நீலம்தான் முக்கியமாகப் படுகிறது. கை வைத்த மாத்திரத்தில் அமைப்பு துண்டித்துக்கொண்டால், மறுபடி போட வேண்டுமே என்று ஓட்டுநர் கை வைக்கவே தயங்குவார். சேர்ந்து ஓட்ட இடம் கொடுத்தால் அவர் ஓட்டுநராகவே நீடிப்பார்.

சரி, நினைவூட்டல்களால் பலன் உண்டா? அமெரிக்காவின் ஐ.ஐ.எச்.எஸ். ஆய்வு நிறுவனம் 2024-ல் வெளியிட்ட ஆய்வில், டெஸ்லா மாடல் 3 கார்களை 14 பேர் ஒரு மாதம் ஓட்டினார்கள். ஆட்டோபைலட்டில் ஓடிய தூரம் 12,000 மைலுக்கு மேல், அதாவது சுமார் 19,500 கி.மீ.; வந்த எச்சரிக்கைகள் 3,858. சராசரியாக ஐந்து கி.மீ.க்கு ஒன்று. அவர்கள் ஏறக்குறைய மூன்று நொடியில் ஸ்டீயரிங்கை அசைத்துப் பதில் தந்தார்கள். நாள் ஆக ஆக, முதல் எச்சரிக்கையைத் தாண்டி அடுத்த கட்டம் வருவது வெகுவாகக் குறைந்தது. கேட்க நல்ல செய்திதான். ஆனால் அவர்கள் கற்றுக்கொண்டது எச்சரிக்கையின் தாளத்தை. எத்தனை நொடிக்கு ஒருமுறை வரும், எவ்வளவு அசைத்தால் அடங்கும் என்பது கைக்குப் பழகிவிட, இடைப்பட்ட நேரத்தில் மனம் வேறு வேலைக்குப் போய்விடுகிறது. அதே ஆண்டு மார்ச்சில் அந்த நிறுவனம் 14 தானியங்கி அமைப்புகளின் பாதுகாப்பு ஏற்பாடுகளை மதிப்பிட்டபோது 11 அமைப்புகள் மோசம் என்ற தரத்தையே பெற்றன. ஏற்கத்தக்கது என்ற தரம் லெக்ஸஸின் ஒரே ஒரு அமைப்புக்குக் கிடைத்தது. டெஸ்லாவும் 2021-லிருந்து உட்புறக் கேமராவைப் பயன்படுத்துகிறது. 2023 டிசம்பரில் சுமார் 20 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்து, மென்பொருள் வழியே எச்சரிக்கைகளைக் கடுமையாக்கியது.

சட்டமும் மெல்லக் கையிலிருந்து கண்ணுக்கு நகர்கிறது. ஐ.நா.வின் 79-வது வாகன விதிப்படி, கை எடுத்த 15 நொடிக்குள் விளக்கு எச்சரிக்கை, 30 நொடிக்குள் ஒலி. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் அந்த 15 நொடியில் கார் 400 மீட்டருக்கு மேல் போயிருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் புதிய மாடல்களில் கட்டாயமான கவனச்சிதறல் எச்சரிக்கையோ, 50 கி.மீ.க்கு மேற்பட்ட வேகத்தில் பார்வை மூன்றரை நொடி கீழே தாழ்ந்தாலே எழ வேண்டும். அதற்கே கிட்டத்தட்ட 100 மீட்டர் கடந்திருக்கும். இதைவிடக் குறைத்தால் கண்ணாடியைப் பார்ப்பதற்கும் மீட்டரைப் பார்ப்பதற்கும்கூட எச்சரிக்கை அடிக்கும். தொல்லை தாங்காமல் ஆட்கள் அணைத்துவைப்பார்கள். அதனால்தான் அதை ஒவ்வொரு முறை வண்டி கிளப்பும்போதும் தானாக இயங்கும் நிலைக்குத் திரும்பச் செய்திருக்கிறார்கள்.

கேமராவுக்கும் எட்டாத இடம் உண்டு. கண் சாலையில் இருக்க, மனம் வீட்டுக் கடனில் இருந்தால் அதை எந்த அகச்சிவப்பு ஒளியும் படம் பிடிக்காது.

இந்தியாவில் இப்போது 20 லட்சம் ரூபாய்க்குக் கீழேயே, லேனுக்குள் நிறுத்திவைக்கும் வசதியுள்ள கார்கள் கிடைக்கின்றன. நம் சாலைகளில் லேன் கோடு திடீரென்று மங்கும், மறையும். கோடு மறைந்ததும் கார் கைவிட்டுவிடும். ஆகவே, வாங்குபவர் ஷோரூமில் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. இந்தக் கார் கையை அறிவது முறுக்காலா, தொடுகையாலா? முகத்தைப் பார்க்கும் கேமரா உண்டா? ஸ்டீயரிங்குக்குப் பின்னாலோ முன்தூணிலோ கருப்புப் பளபளப்பான சிறு சதுரம் ஒன்று தெரிந்தால் பெரும்பாலும் அதுதான். நான் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் அமைப்பு துண்டித்துக்கொள்ளுமா, சேர்ந்து ஓட்டுமா? எச்சரிக்கைக்கு நான் பதிலே தராவிட்டால் கார் கடைசியில் என்ன செய்யும்: வேகம் குறைத்து நிற்குமா, லேனை மட்டும் விட்டுவிட்டு அதே வேகத்தில் போய்க்கொண்டிருக்குமா? விற்பனையாளருக்குத் தெரியாவிட்டால் ஓட்டுநர் கையேட்டை வாங்கி அந்தப் பக்கத்தைப் படித்துவிடுங்கள். கடைசிக் கேள்விக்கான விடை மட்டும் அவசியம் தெரிந்திருக்க வேண்டும். சில கார்கள் இரண்டாவதைத்தான் செய்கின்றன.