நாலு வெற்றி, பத்தொன்பது புள்ளி நட்டம்



நான் தையல் வேலை செய்பவள். அளவு நாடாவும் அளவு எழுதும் கொப்பியும் எப்போதும் என் பக்கத்தில் இருக்கும். ஆனால் இன்று நான் எழுத வந்தது சட்டை அளவைப் பற்றியல்ல. சதுரங்கம் ஆடும் என் மகளின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு எண்ணைப் பற்றி. உங்கள் பிள்ளையும் பாடசாலையில் சதுரங்கம் பழகினால் இந்த எண் ஒருநாள் உங்கள் வீட்டுக்கும் வரும்.

2025 இல் மகளை ஒரு சுற்றுப்போட்டிக்குக் கூட்டிப்போனேன். ஏழு ஆட்டங்கள் ஆடினாள். நாலு வெற்றி, மூன்று தோல்வி. சிறிய பதக்கம் ஒன்றும் கிடைத்தது. பஸ்ஸில் வீடு வரும்வரை அதைக் கழற்றவேயில்லை. அடுத்த மாதப் பட்டியல் வந்த அன்று அயல்வீட்டுக் கைத்தொலைபேசியில் பார்த்துவிட்டு அழுதுகொண்டு வந்தாள். 1500 ஆக இருந்த ரேட்டிங் 1481 ஆகியிருந்தது.

"அம்மா, நான் நாலு ஆட்டம் வெண்டனான். பிறகேன் குறைஞ்சது? இனி நான் ஒரு இடமும் போகமாட்டன்."

எனக்குப் பதில் தெரியவில்லை. 1995 இடப்பெயர்வோடு பத்தாம் வகுப்பில் என் படிப்பு நின்றுபோனது. ஆனாலும் கணக்கென்றால் எனக்கு அன்றும் இன்றும் விருப்பம். எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற கணித ரீச்சர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் கொப்பியோடு போனேன். இரண்டு பின்னேரங்கள் பொறுமையாகச் சொல்லித் தந்தார்.

இந்த முறையை அமைத்தவர் ஆர்பாட் எலோ என்பவர். ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் பௌதிகப் பேராசிரியராக இருந்தவர், நல்ல சதுரங்க வீரரும்கூட. 1960 இல் அமெரிக்கச் சதுரங்கச் சம்மேளனமும் 1970 இல் உலகச் சம்மேளனமும் இவரது முறையை ஏற்றுக்கொண்டன. எலோ புள்ளி என்று பிள்ளைகள் சொல்வது இவருடைய பெயரைத்தான். நான் ஏதோ சுருக்கெழுத்து என்றே நினைத்திருந்தேன்.

இதில் முக்கியமான சொல் 'எதிர்பார்ப்பு'. சதுரங்கத்தில் வெற்றிக்கு ஒரு புள்ளி, சமநிலைக்கு அரைப்புள்ளி. ஒரே ரேட்டிங் உள்ள இருவர் நூறு ஆட்டம் ஆடினால் ஆளுக்கு ஐம்பது புள்ளி எதிர்பார்க்கலாம். ஒருவர் 100 கூடியவராக இருந்தால் அவருக்கு 64, மற்றவருக்கு 36. வித்தியாசம் 200 ஆனால் 76க்கு 24. ஆட்டம் முடிந்ததும், எடுத்த புள்ளியிலிருந்து எதிர்பார்த்த புள்ளியைக் கழிக்கவேண்டும். மிச்சத்தை ஒரு எண்ணால் பெருக்கி, வருவதைப் பழைய ரேட்டிங்குடன் கூட்டவேண்டும், அல்லது கழிக்கவேண்டும். பதினெட்டு வயதுவரை, 2300 ஐ எட்டாத பிள்ளைகளுக்குப் பெருக்கும் எண் 40. ஆடிப் பழகிய பெரியவர்களுக்கு 20. ஒருமுறை 2400 ஐத் தொட்டவர்களுக்கு 10. வளரும் பிள்ளையின் எண் வேகமாக ஏறவும் வேகமாக இறங்கவும் காரணம் இதுதான்.

இனி மகளின் கணக்கைப் பார்ப்போம். அவளோடு ஆடியவர்கள் எல்லாரும் 1400 அளவில் இருந்தவர்கள். அவள் 1500. அப்படியானால் ஒவ்வொரு ஆட்டத்திலும் அவளிடம் எதிர்பார்த்தது 0.64 புள்ளி. ஏழு ஆட்டத்துக்கு 4.48. அவள் எடுத்தது 4. குறை 0.48. அதை 40 ஆல் பெருக்கினால் 19.2. அந்தப் பத்தொன்பதுதான் போனது!

கொப்பியைக் காட்டினேன். அழுகை நின்றது, ஆனால் கோபம் போகவில்லை. "அப்ப நான் பேசாமல் வீட்டில இருந்தால் எண் குறையாது தானே?" என்று கேட்டாள். அது உண்மைதான். ஆடாமல் இருந்தால் குறையாது. ரேட்டிங்கைப் பாதுகாப்பதற்காகவே போட்டிக்குப் போகாத பெரிய ஆட்டக்காரர்களும் உண்டென்று ரீச்சர் சொன்னார். எனக்கு அது அலுமாரிக்குள் பூட்டிவைத்த கூறைச்சேலை போலத்தான் தெரிகிறது.

எங்களுக்கு எண்கள் புதிதல்ல. நிவாரண அட்டை இலக்கம், முகாமில் கூடார இலக்கம், பிறகு புலமைப்பரிசில் வெட்டுப்புள்ளி. அதனால்தானோ என்னவோ, ஒரு எண்ணைக் கண்டவுடன் அது மேலிருந்து வந்த தீர்ப்பு என்று பயந்துவிடுகிறோம். இந்த எண்ணோ மனிதர் போட்ட கணக்கு. அவர்களே அதைத் திருத்தியும் இருக்கிறார்கள். 2024 மார்ச்சில், 2000க்குக் கீழே இருந்தவர்களின் ரேட்டிங் மிகவும் தாழ்ந்துபோய்விட்டதென்று, 2000க்கு எவ்வளவு குறைவோ அதில் நூற்றுக்கு நாற்பதைச் சம்மேளனம் கூட்டிக்கொடுத்தது. 1200 ஆக இருந்த பிள்ளை ஒரே நாளில் 1520 ஆனது. அதற்காக ஒரு காயைக்கூட நகர்த்தவில்லை.

இன்னொரு திருத்தம் எல்லாருக்கும் இனிக்கவில்லை. பெண்கள் பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே ஆடியதால் அவர்களின் ரேட்டிங் ஆண்களோடு ஒப்பிட முடியாதபடி குறைந்து நிற்கிறதென்று முடிவுசெய்து, 1987 ஜனவரிப் பட்டியலில் பெண்களுக்கு 100 புள்ளி கூட்டினார்கள். ஒருவருக்கு மட்டும் இல்லை: ஹங்கேரியின் சூசன் போல்கர். அவர் ஆண்களோடு ஆடிப் புள்ளி எடுத்தவர், அதனால் அவருடைய எண் சரியானது என்றார்கள். முதலிடத்தில் இருந்தவர் ஒரு பட்டியலோடு கீழே இறங்கினார். எனக்கு இதைக் கேட்டபோது வயிறு எரிந்தது. ஆனால் அவர் ஆடுவதை விடவில்லை. 1991 இல் ஆண்களுக்குரிய அதே தகுதிகளை நிறைவேற்றிக் கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற்றார். தங்கை யூடித் 2005 இல் 2735 ஐ எட்டி, ஆண் பெண் எல்லாரும் சேர்ந்த உலகப் பட்டியலில் எட்டாம் இடத்தில் நின்றார்.

இந்தக் கதையில் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கும் ஒரு விஷயம் இருக்கிறது. யாரோடு ஆடினோமோ அவர்களை வைத்துத்தான் இந்த எண் எங்களை அளக்கும். ஒரே பத்துப் பிள்ளைகள் தங்களுக்குள்ளேயே ஆடிக்கொண்டிருந்தால் புள்ளி ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மாறுமே தவிர, பத்துப் பேரும் எவ்வளவு முன்னேறினாலும் அது வெளியே தெரியாது. பஸ் காசு இல்லாத ஊர்களில் திறமையுள்ள பிள்ளைகள் குறைந்த எண்ணோடு இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

நான் மகளை வற்புறுத்தவில்லை. மூன்று கிழமை கழித்து அவளாகவே வந்து, பெரியவர்கள் ஆடும் போட்டி ஒன்றுக்குப் போகலாமா என்று கேட்டாள். பள்ளிச் சீருடை தைத்த காசில் ரிக்கற் எடுத்தேன். அங்கே வந்தவர்கள் எல்லாரும் 1630 அளவில் இருந்தவர்கள், மீசை நரைத்தவர்களும் இருந்தார்கள். ஆறு ஆட்டங்களில் ஒரு வெற்றி, இரண்டு சமநிலை, மூன்று தோல்வி. பதக்கம் இல்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் அளவுக் கொப்பியை வாங்கினாள். யாரோ ஒருவரின் பிளவுஸ் அளவுக்குக் கீழே எழுதத் தொடங்கினாள். வித்தியாசம் 150, எதிர்பார்ப்பு 0.30, ஆறு தரம் 1.8. எடுத்தது 2. மிச்சம் 0.2, தர 40.

"எட்டு கூடியிருக்கம்மா," என்றாள். பிறகு கொப்பியை என் மடியில் வைத்துவிட்டு, "அந்த வெள்ளைத் தாடி ஐயாவிட்ட தோத்தது என்ர பிழை. குதிரையை எடுத்திருக்கக் கூடாது," என்று வீடு வரும்வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தாள்.