உள்ளூரில் ஓர் உல்லாசப் பயணம்
இளம் அறிவியல் (இயற்பியல்), இரண்டாம் ஆண்டு

வேலூரைப் பற்றி வெளியூர்க்காரர்கள் சொல்லும் கேலி ஒன்று உண்டு. அரசன் இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். நாமும் கூடச் சேர்ந்து சிரிப்போம். ஆனால் இந்த நான்கையும் நடந்து போய்ப் பார்த்தவர்கள் கை தூக்குங்கள் என்று நம் வகுப்பில் கேட்டால், எண்ணுவதற்கு ஒரு கை விரல்களே போதும்.

நம்மில் பெரும்பாலோர்க்கு வேலூர் ஓர் ஊர் அன்று, ஒரு வழி. குடியாத்தத்திலிருந்தோ அணைக்கட்டிலிருந்தோ வந்து பழைய பேருந்து நிலையத்தில் இறங்கி, அடுத்த பேருந்து வருகிறதா என்று கழுத்தை நீட்டிப் பார்க்கிறோம். எதிரே இருக்கும் கோட்டை கண்ணில் படுகிறது, கருத்தில் படுவதில்லை. உல்லாசப் பயணம் என்பது ஏலகிரிக்கோ ஊட்டிக்கோ காசு உள்ளவர்கள் போவது என்ற எண்ணமும் நம் வீடுகளில் ஊறிப் போயிருக்கிறது. காசில்லாமலும் போகலாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அதற்கு ஏற்ற நாள் தேசிய விடுமுறை. ஆலைகளில் உழைப்போருக்குக் குடியரசு தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி ஆகியவை கூலியோடு கூடிய ஓய்வு நாட்கள். இதற்கெனச் சென்னை மாநிலத்தில் 1958-ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. என் தந்தையார் ராணிப்பேட்டையில் தோல் ஷாப்பில் வேலை செய்கிறார். அவருக்கு அன்று கூலி உண்டு. தாயார் வீட்டிலிருந்தபடி பீடி சுற்றுகிறார். அவருக்குச் சுற்றினால்தான் கூலி. ஒரே வீட்டில் ஒரே நாள் ஒருவருக்கு விடுமுறை, இன்னொருவருக்கு வேலை நாள்! சென்ற சுதந்திர தினத்தன்று கல்லூரியில் கொடியேற்றம் முடிந்து வந்ததும், “முறத்தை இறக்கி வையும்மா, கோட்டைக்குப் போகலாம்” என்றேன். “அங்க என்னா இருக்குது? தினம் பாக்கற கோட்டதானே?” என்றார். தந்தையார் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்த பிறகுதான் எழுந்தார்.

கோட்டை விஜயநகர ஆட்சியின்போது, 16-ஆம் நூற்றாண்டில் எழுந்தது. ஏறத்தாழ 133 ஏக்கர் பரப்பு. பின்னால் பீஜப்பூர் சுல்தான், மராத்தியர், ஆர்க்காட்டு நவாப், ஆங்கிலேயர் என்று கை மாறிக்கொண்டே வந்தது. இத்தனை பேரும் இதை விரும்பியதன் காரணத்தை அகழிக் கரையில் நின்று பார்த்தால் புரிந்துகொள்ளலாம். மதில் நேர்கோடாக ஓடவில்லை. ஆங்காங்கே வட்டமாகவும் சதுரமாகவும் வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது. நேர்ச் சுவராக இருந்தால் அதன் அடியில் ஒட்டி நிற்கும் எதிரியை மேலிருப்பவன் எட்டிப் பார்த்துத்தான் சுட வேண்டும். எட்டிப் பார்த்தால் அவன் தலைக்கு ஆபத்து. துருத்திய கொத்தளத்தில் நிற்பவனோ பக்கவாட்டிலிருந்தே சுவரின் அடிவரை பார்த்துவிடுவான். கட்டியவர்கள் எந்தக் கல்லூரியிலும் ஒளியியல் படித்தவர்கள் அல்லர்.

உள்ளே ஜலகண்டேசுவரர் கோயில். சாமி இல்லாத கோயில் என்ற கேலி 1981-ஆம் ஆண்டோடு செல்லாக் காசாகிவிட்டது. நெடுங்காலம் வழிபாடின்றிக் கிடந்த அந்தக் கோயிலில், சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தைக் கொண்டு வந்து அவ்வாண்டு மார்ச்சு மாதம் வைத்தார்கள். அன்றைய கூட்டத்தைப் பற்றி என் பாட்டி பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார்.

கல்யாண மண்டபத்தில் நாங்கள் தூண்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றபோது வங்காளத்து அம்மாள் ஒருவர் என் தாயாரின் கையைப் பிடித்து அழைத்துப் போனார். கணவரின் சிகிச்சைக்காக வந்திருப்பவர் என்று சைகையில் புரிந்தது. ஒரு சிற்பத்தின் முன் நிறுத்தி, ஒரு பக்கத்தைக் கையால் மறைத்தார், யானை தெரிந்தது. மறு பக்கத்தை மறைத்தார், காளை தெரிந்தது. இரண்டு உடலுக்கும் ஒரே தலை! தாயார் தாமும் மறைத்து மறைத்துப் பார்த்துச் சிரித்தார். இருவருக்கும் பொதுவாக ஒரு சொல்கூட இல்லை. கொல்கத்தாவிலிருந்து வந்தவர் வேலூர்க்காரிக்கு வேலூரைக் காட்டினார் என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும்.

இனி 1806. அவ்வாண்டு ஜூலை 10 விடியுமுன் இந்தியச் சிப்பாய்கள் இந்தக் கோட்டைக்குள் கிளர்ந்தெழுந்தார்கள். வடக்கே 1857-இல் நடந்ததற்கு 51 ஆண்டுகள் முன்பு! நெற்றியில் குறி இடக்கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகை அணிய வேண்டும் என்ற கட்டளைகளே உடனடிக் காரணம். வெள்ளையர் நூற்றுக்கு மேற்பட்டோர் மடிந்தனர். திப்புவின் புலிக்கொடி ஏறியது. ஆனால் வெளிவாயில்களை யாரும் சரிவரக் காக்கவில்லை. ஆர்க்காட்டிலிருந்து குதிரைப் படையோடு விரைந்து வந்த கில்லெஸ்பி, கயிற்றைப் பிடித்து மதில் ஏறி உள்ளே இருந்த வெள்ளையரோடு சேர்ந்துகொண்டார். பிறகு பீரங்கி வாயிலைப் பிளந்தது. முற்பகலுக்குள் எல்லாம் முடிந்தது. இறந்த சிப்பாய்கள் ஏறக்குறைய 350 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. கில்லெஸ்பியின் பெயர் எல்லா நூலிலும் இருக்கிறது. அந்தச் சிப்பாய்களில் பெயர் நமக்குத் தெரிந்தவர் மிகச் சிலரே. மக்கான் சந்திப்பில் நிற்கும் தூண் அவர்களுக்காகத்தான். அதைச் சுற்றிக்கொண்டு தினமும் எத்தனையோ பேருந்துகள் போகின்றன.

தோல் குஞ்சக் கதையைக் கேட்டுவிட்டு என் தந்தையார் சொன்னார்: “அன்னிக்குத் தோல் வேணாம்னு செத்தாங்க. இன்னிக்கு அதுலதான் நம்ம சோறு.”

கிளர்ச்சி அடங்கியதும், 1799 முதல் இங்கே காவலில் இருந்த திப்புவின் மக்களை ஆங்கிலேயர் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டனர். அவர்களுள் இளையவர் அங்கே கட்டிய மசூதி இன்றும் நகரின் நடுவில் நிற்கிறது. வேலூரிலிருந்து அன்று கல்கத்தாவுக்குப் போனார்கள். 1900-இல் டாக்டர் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு படுக்கையோடு இங்கே தொடங்கிய மருத்துவமனையை நாடி இன்று அங்கிருந்து வருகிறார்கள். மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் விடுதிப் பலகைகளை வங்காள எழுத்திலும் பார்க்கலாம்.

அரசன் இல்லாத கோட்டை என்பதும் முழு உண்மை அன்று. கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1816 முதல் 1832-இல் இறக்கும்வரை இதே கோட்டையில்தான் கைதியாக இருந்தார். பாலாற்றங்கரையில் அவர் கல்லறை இருந்த இடத்தில் தமிழக அரசு 1990-இல் முத்து மண்டபம் எழுப்பியது. பதினாறு ஆண்டு என்று சொன்னதும் தாயார், “அவருக்கு ஊர் ஞாபகம் வராதா?” என்று மட்டும் கேட்டார்.

மலைகளுக்கு நாங்கள் ஏறவில்லை. கால்வலிக்கு அஞ்சாத நண்பர்கள் ஏறி, மேலே உள்ள சிறு கோட்டைகளைப் பற்றி அடுத்த ஆண்டு மலரில் எழுதலாம்.

புறப்படுவோர்க்கு ஒரு செய்தி. கோட்டைக்குள் நுழையக் கட்டணம் இல்லை. ஆனால் தேசிய விடுமுறை நாட்களில் அரசு அருங்காட்சியகங்கள் மூடியிருப்பது வழக்கம், வெள்ளிக்கிழமையும் அப்படியே. உழைப்பவர்க்கு ஓய்வு கிடைக்கும் நாளில் காட்சிக்கூடத்துக்கும் ஓய்வு என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அதைக் காண வேறொரு நாள் வர வேண்டும். அந்த வேறொரு நாளில் என் தந்தையாருக்கு ஷிப்டு இருக்கும். அன்று எங்கள் மூவருக்கும் ஆன செலவு வேர்க்கடலைக்கும் தேநீருக்கும் மட்டுமே. சுற்றாமல் விட்ட பீடியின் கூலியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறார் தாயார்.