விளையாட்டு விமானங்களின் லித்தியம் பற்றரிகள்: வீடுகளுக்குள் வந்துள்ள புதிய ஆபத்து

பாடசாலை விடுமுறைகளும் பெருநாட்களும் நெருங்கும் வேளைகளில், புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலுள்ள மின்சாதனக் கடைகளில் ரிமோட் மூலம் இயக்கப்படும் சிறு விமானங்களையும் ட்ரோன்களையும் காணக்கூடியதாக உள்ளது. கட்டாரிலிருந்தும் டுபாயிலிருந்தும் விடுமுறையில் வரும் தந்தையரும் மாமன்மாரும் பிள்ளைகளுக்காக இவற்றை வாங்கி வருவதும் உண்டு. இந்தப் பொழுதுபோக்கு தமிழ் பேசும் இளைஞர்களுக்குப் புதிதன்று. நடிகர் அஜித் குமாரின் மாதிரி விமான ஆர்வம் பலரும் அறிந்தது. அவர் ஆலோசகராக இருந்த, சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யின் 'தக்‌ஷா' மாணவர் அணி 2018ஆம் ஆண்டு அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடைபெற்ற ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாமிடத்தைப் பெற்றது.

ஆர்வம் வரவேற்கத்தக்கதே. ஆனால், அவ்விமானத்தின் வயிற்றுக்குள் வெள்ளி நிற உறையில் சுற்றப்பட்டிருக்கும் 'லிபோ' எனப்படும் லித்தியம் பொலிமர் பற்றரியைப் பற்றி நம்மில் எத்தனை பேர் அறிந்திருக்கின்றோம்? பெட்டிக்குள் வரும் துண்டுப்பிரசுரம் பெரும்பாலும் சீனத்திலும் ஆங்கிலத்திலுமே இருக்கின்றது. கடைக்காரரும் விலையைச் சொல்லும் அளவுக்கு விபரம் சொல்வதில்லை. தெமட்டகொடையைப் போன்று வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டி நிற்கும், தீயணைப்பு வாகனம் நுழைய முடியாத ஒழுங்கைகள் நிறைந்த பகுதிகளில் இந்த அறியாமை ஒரு குடும்பத்தை மாத்திரம் பாதிக்கும் விடயமல்ல.

ஒரு காலத்தில் இத்தகைய விமானங்கள் மெதனோல் எரிபொருளிலோ, கனமான நிக்கல் கட்மியம் பற்றரிகளிலோ இயங்கின. இரண்டாயிரமாம் ஆண்டுகளின் முற்பகுதியில் லிபோ பற்றரிகள் பரவலாகக் கிடைக்கத் தொடங்கியதும் நிலைமை மாறியது. வாகனங்களிலுள்ள ஈய அமில பற்றரியுடன் ஒப்பிடுகையில், எடைக்கு எடை மூன்று நான்கு மடங்கு சக்தியை இவை சேமிக்கின்றன. அச்சக்தியை மிக விரைவாக வெளியேற்றவும் இவற்றால் முடியும். '2200 மில்லி அம்பியர் மணி, 25சி' என்று எழுதப்பட்ட கைக்கடக்கமான பற்றரி ஒன்று 55 அம்பியர் வரை வழங்கக்கூடியது எனத் தயாரிப்பாளர் கூறுகின்றார் என்பதே அதன் பொருள். நமது வீட்டுச் சுவர்ப் பிளக் தாங்குவதோ 13 அம்பியர். எனவே சிவப்பு, கறுப்பு வயர்கள் ஒன்றோடொன்று தொட்டுவிட்டால் என்ன நேரும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பிளக்கை மாற்றுவதற்காக இரு வயர்களையும் ஒரே தடவையில் கத்தரிக்கோலால் வெட்டுவோர் அந்த ஒரு கணத்தில் இதனைத்தான் செய்கின்றனர். ஒவ்வொன்றாக வெட்டி, முதலாவதை நாடாவால் மூடிய பின்னரே அடுத்ததைத் தொடவேண்டும்.

இனி, இவை ஏன் எரிகின்றன என்பதைப் பார்ப்போம். ஒவ்வொரு கலத்தினுள்ளும் நேர், எதிர் மின்வாய்த் தகடுகளுக்கிடையே மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு ஒன்று உள்ளது. சவ்வைச் சுற்றி எளிதில் தீப்பற்றும் கரைப்பான் நிறைந்திருக்கின்றது. அளவுக்கு மிஞ்சிய மின்னேற்றம், நசுங்குதல், உட்புறக் குறுஞ்சுற்று ஆகியவற்றால் வெப்பம் ஏறி, சுமார் 130 பாகை செல்சியஸை எட்டும்போது சவ்வு உருகத் தொடங்குகின்றது. தகடுகள் தொட்டுக்கொள்கின்றன. அதனால் மேலும் வெப்பம், அவ்வெப்பத்தால் மேலும் இரசாயனத் தாக்கம் என அது தன்னைத்தானே வளர்த்துக்கொள்கின்றது. நேர் மின்வாய்ப் பொருளே ஒட்சிசனையும் வெளிவிடுவதால் மூடி அணைத்துவிடலாம் என எண்ணுவதும் பயனற்றது. ஒரு கலத்தின் வெப்பம் பக்கத்திலுள்ள கலத்தையும் பற்றவைக்கும். வெளிவரும் புகையில் ஐதரசன் புளோரைட்டு எனும் கடும் நச்சு வாயுவும் கலந்திருக்கும்.

இவ்விபத்துக்கள் பெரும்பாலும் மின்னேற்றும் வேளையிலேயே நிகழ்கின்றன. ஆகவே அதனைச் சற்று விரிவாக நோக்குவது பொருத்தமானது. ஒரு லிபோ கலத்தின் சராசரி அழுத்தம் 3.7 வோல்ட். முழுமையாக மின்னேற்றப்பட்டால் 4.2 வோல்ட். அதற்கு மேல் ஒரு சிறிதும் கூடாது. '3எஸ்' பற்றரியில் மூன்று கலங்கள் தொடராக இணைந்திருப்பதால் உச்ச அளவு 12.6 வோல்ட் ஆகும். இங்குதான் பலர் தவறுகின்றனர். மொத்த அழுத்தம் சரியாக இருந்தாலும், மூன்றில் ஒன்று 4.0 வோல்ட்டிலும் மற்றொன்று 4.4 வோல்ட்டிலும் இருக்கக்கூடும். கலங்களைத் தனித்தனியே அளந்து சமப்படுத்துவதற்காகவே பற்றரியில் மெல்லிய வயர்களுடன் கூடிய வெள்ளைப் பிளக் ஒன்று தரப்பட்டுள்ளது. அதனை இணைக்காமல் தடித்த வயரினால் மாத்திரம் மின்னேற்றுவது சூதாட்டமே. சார்ஜரில் கலங்களின் எண்ணிக்கையைத் தவறாகத் தெரிவதும், நிக்கல் வகைக்குரிய முறையில் லிபோவை ஏற்றுவதும் அதனிலும் மோசமானவை. மின்னோட்டம் கொள்ளளவுக்குச் சமமாக, அதாவது 2200 மில்லி அம்பியர் மணிக்கு 2.2 அம்பியராக இருப்பது போதுமானது. அவசரம் இந்தப் பற்றரிக்குப் பகை.

இரவில் செருகிவிட்டு உறங்கச் செல்வது கைத்தொலைபேசி மூலம் நமக்குப் பழகிப்போன வழக்கம். 2022இல் நீண்ட நேர மின்வெட்டு நிலவிய நாட்களில், மின்சாரம் வந்தவுடன் வீட்டிலுள்ள அனைத்தையும் ஒன்றாகச் செருகிவிடும் பழக்கமும் சேர்ந்துகொண்டது. லிபோ பற்றரியை ஆளில்லாத அறையில் மின்னேற்றக் கூடாது. மெத்தை, கதிரை, மேசைவிரிப்பு ஆகியவற்றின் மீதும் வைக்கக் கூடாது. சிறிய தொடர்மாடி வீடாயின், வெளியேறும் ஒரே வாசலருகிலோ படிக்கட்டிலோ வைப்பது தற்கொலைக்கு ஒப்பானது. தீப்பிடித்தால் அவ்வழி அடைபட்டுவிடும். சீமெந்துத் தரையில் அல்லது தரையோட்டின் மேல் வைத்த மண் சட்டி நல்ல இடம். ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்கும் தீத்தடுப்புப் பைகள் தீயைத் தாமதப்படுத்துமே தவிர, முற்றாக அடக்கிவிடும் என நம்பவேண்டாம்.

பறக்கவிடும்போது கலம் ஒன்று 3.0 வோல்ட்டுக்குக் கீழே இறங்க இடமளிக்கலாகாது. அதற்கும் மிகக் கீழே இறங்கினால் உள்ளிருக்கும் செப்புத் தகடு கரையத் தொடங்கி, மீண்டும் மின்னேற்றுகையில் அச்செம்பு வேண்டாத இடத்தில் படிந்து உட்புறக் குறுஞ்சுற்றை உருவாக்கலாம். ஐந்தில் ஒரு பங்கு மின் எஞ்சியிருக்கும்போதே தரையிறக்குவது அனுபவசாலிகளின் வழக்கம். நிலத்தில் மோதிய விமானத்தின் பற்றரியை உடனே வாகனத்துக்குள் போடாமல், திறந்த வெளியில் அரை மணித்தியாலமாவது வைத்துக் கவனிக்கவேண்டும். பலகாரம்போல் உப்பிய பற்றரி பாவனைக்கு உதவாது. அதனை ஊசியால் குத்திக் காற்றை வெளியேற்ற முனைவோரும் உள்ளனர் என்பது கவலைக்குரியது. சில நாட்களுக்குப் பாவிக்காவிடின், கலமொன்றுக்கு 3.8 வோல்ட் அளவில், ஏறத்தாழப் பாதி நிரம்பிய நிலையில் வைக்கவேண்டும். கொழும்பு வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் வைக்கவே கூடாது.

வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவோர் ஒன்றைக் கவனிக்கவேண்டும். 2010 செப்டெம்பர் 3ஆம் திகதி டுபாயிலிருந்து புறப்பட்ட யூ.பி.எஸ். சரக்கு விமானம் தீப்பற்றி வீழ்ந்து, விமானிகள் இருவரும் பலியாகினர். அதன் சரக்கில் பெருந்தொகை லித்தியம் பற்றரிகள் இருந்தன. இன்று மேலதிகப் பற்றரிகளைக் கையில் எடுத்துச்செல்லும் பொதியில் மாத்திரமே கொண்டுசெல்லலாம். 100 வொட் மணிக்கு மேற்பட்டால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். 160ஐத் தாண்டினால் அனுமதியே இல்லை. 11.1 வோல்ட், 2200 மில்லி அம்பியர் மணி பற்றரி சுமார் 24 வொட் மணிதான். ஆனால் 22.2 வோல்ட், 5000 மில்லி அம்பியர் மணி பற்றரி 111 வொட் மணி ஆகிவிடுகின்றது. ட்ரோன்களைப் பொறுத்தமட்டில், உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களைத் தொடர்ந்து 2019 ஏப்ரலில் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபை அவற்றைப் பறக்கவிடுவதை இடைநிறுத்தியிருந்தது நினைவிருக்கலாம். அத்தடை பின்னர் தளர்த்தப்பட்டபோதிலும், தற்போதைய விதிகளை அச்சபையிடம் கேட்டறிந்த பின்னரே வாங்குவது உசிதமானது.

தீப்பிடித்துவிட்டால் பற்றரியைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடவேண்டாம். சுவர் ஆளியை நிறுத்தி, வீட்டாரை வெளியேற்றி, தீயணைப்புப் படையை 110 என்ற இலக்கத்தில் அழைக்கவேண்டும். உலர்ந்த மணல் தீ பரவுவதைக் கட்டுப்படுத்தும். ஆனால் சூட்டைத் தணிக்காது. மின்சாரம் துண்டிக்கப்பட்ட பின்னர் நிறையத் தண்ணீர் ஊற்றுவதே குளிரச்செய்யும் வழி. லித்தியம் தண்ணீரில் வெடிக்கும் என்ற அச்சம் இங்கு பொருந்தாது. இவ்வகைப் பற்றரியில் உலோக நிலையிலுள்ள லித்தியம் மிகச் சொற்பமே.

பழுதான பற்றரியை உப்புத் தண்ணீரில் போட்டு வைக்குமாறு கூறப்படுவதுண்டு. ஆனால் மின் முழுதும் இறங்குவதற்கு முன்னரே முனைகள் அரித்துப் போய்விடக்கூடும். உப்பாத, சேதமடையாத பற்றரியாயின், வாகன மின்குமிழ் ஒன்றை இணைத்து, திறந்த வெளியில் முற்றாக வடியவிட்டு, முனைகளை நாடாவால் மூடவேண்டும். உப்பியதை அப்படியே மணல் நிரப்பிய தகரத்தில் இட்டு வீட்டுக்கு வெளியே வைப்பது நல்லது. இரண்டையும் குப்பைப் பையில் போடலாகாது. குப்பை வண்டியில் நசுங்கும் பற்றரி அங்கேயே தீப்பற்றலாம். மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் பெற்ற இலத்திரனியல் கழிவு சேகரிப்பாளர்களிடமே அவற்றை ஒப்படைக்கவேண்டும்.